டூட்டி முடிந்த பிறகு

1917இல் ஸ்ரீனிவாச ராமானுஜன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இருந்த ஒரு சானடோரியத்தில் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். அவருக்குக் காசநோய் என்று மருத்துவர்கள் கருதிய காலம் அது. அந்த இல்லத்தை நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்ற இந்திய மருத்துவர். திறந்த காற்றும் நல்ல உணவும் நீண்ட ஓய்வும்தான் காசநோய்க்கு மருந்து என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவரே 1928 ஏப்ரலில் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய பச்சைமலைப் பக்கம் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். மாகாண ஆளுநர் கோஷன் பிரபு திறந்துவைத்தார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்துக்கும், அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கும் சானடோரியம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது தொடங்கியவரின் பெயரைச் சொல்கிறோம். திறந்துவைத்தவரின் பெயரைச் சொல்கிறோம். புகழ்பெற்ற நோயாளியைச் சொல்கிறோம். படுக்கைகளைக்கூட எண்ணிச் சொல்கிறோம். அந்தப் படுக்கைகளுக்கு நடுவே இரவெல்லாம் நடந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மருத்துவமனையில் நோயாளியின் அருகே அதிக நேரம் இருப்பவர் செவிலி. அதன் வரலாற்றில் மிகக் குறைந்த இடம் அவருக்குத்தான்.

ராமானுஜனின் கடைசி நாட்களைப் பற்றி நமக்கு நெருக்கமாகத் தெரிவதற்குக் காரணம் ஜானகி அம்மாள். 1919இல் ஊர் திரும்பிய கணவரை, 1920 ஏப்ரலில் அவர் சேத்துப்பட்டில் இறக்கும்வரை, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். வேளாவேளைக்குச் சாதமும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், வலி என்று சொன்னபோது காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தடம் கொடுத்ததையும் முதுமையில் நினைவுகூர்ந்தார். அந்த ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் தன்னிடம் மிஞ்சியிருப்பதாகச் சொன்னார். பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் அதைக் கொண்டே வாழ்ந்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, 1994வரை இருந்தார். கணிதமேதையின் மனைவி என்ற ஒரு வரியில் அவரை முடித்துவிடுகிறோம். ஒத்தடத்தின் சூட்டைக் கையால் பதம் பார்த்த பெண்ணாக, அளவெடுத்துத் துணி வெட்டிய பெண்ணாக அவரை நினைப்பவர்கள் குறைவு.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது அம்மா இறந்த பிறகு. அம்மா சானடோரியத்தில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, சிட்லபாக்கத்தில் குடியேறி, அங்கேயே எங்களை வளர்த்து, அங்கேயே கண் மூடினாள். அவளுக்காக அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தியாகச் சுடர் என்று போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தனக்கென்று வாழாதவள் என்றார்கள். அன்பால் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க, அவர்கள் வேறு யாரையோ வழியனுப்புவதுபோல் எனக்குப் பட்டது. அம்மா தனக்கென்று வாழ்ந்தவள். அதைக் கவனமாகக் காப்பாற்றிக்கொண்டவள். வேலையிலும் அவள் செய்ததைத் தியாகம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது ஒரு தேர்ச்சி. பல ஆண்டுகள் பழகிக் கூர்மையான ஒரு பார்வை.

சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அதே வேலூரில் செவிலியம் பட்டப்படிப்பாகவும் ஆனது. 1926இலேயே செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவுசெய்ய மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. படிப்பு, பதிவு, தேர்வு என்று இத்தனை ஏற்பாடும் ஏன் தேவைப்பட்டது? நல்ல மனசு மட்டும் போதும் என்றால் இவை எதுவும் வேண்டியதில்லை. நோயாளியின் உடம்பில் நடப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும், அதைக் கற்றுத்தர முடியும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

காசநோய் வார்டில் அந்தப் படிப்பு எப்படி வேலை செய்தது என்பதை அம்மாவின் பேச்சிலிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போகும் நேரம் குறைவு. மற்ற நேரம் முழுக்க நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பது சிஸ்டர்தான். விடிகாலையில் எடுக்கும் சளி பரிசோதனைக்கு நல்லது, அதனால் பல் துலக்கக் கூட்டம் கூடும் முன்பே டப்பாக்களைக் கொடுத்துவிட வேண்டும். டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டுச் சளி என்று நீட்டுகிறவரை மறுபடி உட்காரவைத்து, மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லி, நெஞ்சிலிருந்து வரவழைக்க வேண்டும். சாயங்காலம் ஏறும் காய்ச்சலைச் சார்ட்டில் குறிக்க வேண்டும். எடை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ரத்தம் கக்கினால் முதலில் வார்டின் பதற்றத்தை அடக்க வேண்டும். எந்தப் பக்கத்து நுரையீரல் கெட்டிருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், நல்ல பக்கத்துக்குள் ரத்தம் இறங்கிவிடாதபடி. வந்த ரத்தம் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். இத்தனையும் செய்துகொண்டே முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி அம்மா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காது நரம்பைத் தாக்கக்கூடியது. காதில் இரைச்சல் என்று நோயாளி சொல்லும் முன்பே, வார்டில் ஒருவர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்க ஆரம்பித்தால் அம்மா நின்றுவிடுவாள். ஐசோநியாசிட் சாப்பிடுகிறவருக்குப் பாதம் எரிந்தால் பி6 வைட்டமின் குறைகிறதோ என்று பார்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை விட்டவர்கள் உண்டு. அதனால் முதல் மாத்திரையைக் கையில் வைக்கும்போதே அம்மா சொல்லிவிடுவாள். "நாளைக்கு ஒண்ணுக்குப் போறப்ப கலர் மாறி இருக்கும் ஐயா. பயப்படாதீங்க. மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்." எத்தாம்புட்டால் கண் நரம்பைத் தொடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது மங்கும். அம்மாவின் பையில் எப்போதும் ஒயர்த் துண்டுகள் கிடக்கும். அவற்றில் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்துக் காட்டி, "தம்பி, இது என்ன கலர்? இது?" என்று கேட்பாள். பதில் தடுமாறினால் அன்றே டாக்டரிடம் சொல்வாள். முறையான கண் பரிசோதனை அதற்குப் பிறகு நடக்கும். சந்தேகம் முதலில் எழ வேண்டும் அல்லவா? அதை எழுப்பியது அந்த ஒயர்த் துண்டு.

சிறியதாகத் தெரியும் இந்த விஷயங்களில்தான் சிகிச்சை நிற்கும், அல்லது விழும். காசநோய் மருந்து சில வாரங்களிலேயே இருமலைக் குறைத்துவிடும். பசி திரும்பும். உடம்பு தேறிவிட்டது என்று நோயாளி மாத்திரையை நிறுத்துவதும் அப்போதுதான். ஆறு மாதம் முடிக்காவிட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரக்கூடும். அடுத்த ஐந்து மாதத்துக்கு ஒருவரை மாத்திரை விழுங்கவைப்பது மருந்தின் வேலை இல்லை. யாரோ ஒருவர் அவரோடு பேசிப் பேசிச் செய்ய வேண்டிய வேலை.

மருந்து வந்ததும் சானடோரியங்களின் தேவையே மாறியது. அந்த மாற்றத்தில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் உடன் உழைத்தவர்களும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஏழை நோயாளி சானடோரியத்தில் தங்காமல், நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? 1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகமே தன் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொள்ள இது ஒரு பெருங்காரணமானது. ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டிய கொடுமை பலருக்கு நீங்கியது. இதில் நாம் அதிகம் பேசாத ஒரு விஷயமும் உண்டு. சிகிச்சை வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்தது. மாத்திரையை எண்ணி வைப்பதும், கசப்புக்குப் பின் வாய்க்குப் பிடித்ததைச் சமைப்பதும், துப்பியதைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதும், மறக்காமல் கிளினிக்குக்கு அனுப்புவதும் தாயின் வேலை, மனைவியின் வேலை, மருமகளின் வேலை. வீடு வீடாகப் போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும். அந்த நாளிலிருந்து நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார்கள் பதிவு இல்லாத செவிலியராகவே வாழ்ந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டும் ஒருத்தியே. நைட் டூட்டி முடித்து வரும் அம்மா நேராகக் குளியலறைக்குத்தான் போவாள். குளித்து, தலை துவட்டி, பிறகுதான் எங்களைத் தொடுவாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சட்டம். பகலில் அவள் தூங்கும் அறையைச் சுற்றி நாங்கள் மெல்ல நடக்கப் பழகினோம். டூட்டிக்குப் போகும்முன் அடுப்பு மேடையில் ஒரு தாள் இருக்கும். "7 மணி: பால். 8 மணி: இட்லி, இரண்டு போதாது, மூன்று. தம்பிக்கு இரவு இருமல், சத்தம் வறண்டது, காய்ச்சல் இல்லை. மதியம் மறுபடி பார்க்கவும்." வார்டில் ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் ரிப்போர்ட் ஒப்படைக்கும் அதே நடை. பார்க்கவும் என்றது அப்பாவுக்கு. வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "மக்கா, ரிப்போர்ட் சொல்லு" என்பாள். நான் சொல்வேன், யார் என்ன சாப்பிட்டார்கள், யார் அழுதார்கள், எதற்கு என்று. அம்மா பக்கத்தில் இல்லாத குழந்தைகள் என்று உறவினர்கள் எங்களுக்காக வருத்தப்பட்டதுண்டு. எங்களுக்கு அந்தக் குறை இருந்ததில்லை. இல்லாத நேரத்திலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழியை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பிறரைக் கவனித்து அதைத் தெளிவாக ஒரு வாக்கியத்தில் சொல்ல நான் கற்றுக்கொண்டதும் அந்தத் தாள்களிலிருந்துதான்.

தொண்ணூறுகளில் வார்டு மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும். எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால் பலர் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனித்த இடங்களில் ஒன்றாக அந்த மருத்துவமனை ஆனது. வேறெங்கும் ஏற்காதவர்கள் ஆந்திரத்திலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்து விலை எட்டாத உயரத்தில் இருந்த காலம். காசநோயைக் குணப்படுத்தலாம், வாய்ப்புண்ணுக்கும் பேதிக்கும் மருந்து கொடுக்கலாம், அடிப்படை நோயை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆண்டுகளில் அம்மா எங்களிடம் அதிகம் பேசவில்லை. ஒரே ஒருமுறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னாள். "தொட்டா ஒட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியுது. ஆனா யாரும் தொட மாட்டேங்கறாங்க. அதனால நான் பல்ஸ் பாக்கறப்ப முழு நிமிஷமும் பாப்பேன்." பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் கணக்கு வந்துவிடும். அந்த மீதி அரை நிமிடம் சிகிச்சை என்று எந்தப் பாடப்புத்தகத்திலாவது இருக்குமா? எனக்குத் தெரிந்து அவள் செய்த சிகிச்சைகளில் அது முக்கியமானது.

அந்த நாட்களில்தான் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததுதான் காரணம். அம்மா வாதாடவில்லை. பக்கத்துத் தெருவில் வேறு வீடு பார்த்தாள். புது வீட்டுக்காரர் கேட்கும் முன்பே தன் வேலையைச் சொல்லிவிட்டாள், நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதையும் சேர்த்து. அவருடைய மகளின் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனதும் அம்மாதான்.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டுமருந்தைக் கொடுக்கத் தொடங்கியது. நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் நடந்து போவதை, மாதாமாதம் மாத்திரை வாங்கத் தாங்களே பஸ் ஏறி வருவதை அம்மா பார்த்தாள். அந்த ஆண்டு அவளிடம் ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டிலும் அது தெரிந்தது. அதுவரை கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னியவள் மஞ்சளுக்கு மாறினாள்.

பின்னியது ஒயர்க் கூடை. இவ்வளவு நேரம் சொல்ல நினைத்து வந்தது அதைத்தான். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒயர்க் கட்டு வாங்குவாள். வாங்கும்போதே விரலால் மடக்கிப் பார்த்து, வெளுத்துக் கோடு விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். முழம் போட்டு வெட்டி, அடிப்பாகத்தைத் தரையில் வைத்துப் பின்னி, பிறகு சுவரை எழுப்புவாள். சாதா முடிச்சு கண் மூடியபடி வரும். நெல்லிக்காய் முடிச்சை, வரும்வரை பிடிவாதமாகப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். சிவன் கண் முடிச்சை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டாள். முடிச்சின் இழுவை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தாலும் கூடை பிறகு சாய்ந்துவிடும். முடிந்த ஒயரின் நுனியை உள்முடிச்சுக்குள் செருகி மறைப்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. கைப்பிடியைக் கடைசியில் போடுவாள், நான்கு இழை, இறுக்கமாக. எங்கள் தெருவில் அவள் பின்னிய கூடை இல்லாத வீடு குறைவு. காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். விற்கலாமே, நல்ல வருமானம் வருமே என்று சொல்லாதவர் இல்லை. அதற்கு அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "விக்க ஆரம்பிச்சா இதுவும் டூட்டி ஆயிடும்."

பின்னும் நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக் கூடாது. சாயங்கால விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம். கேஸ் அடுப்பில் பால் பொங்கினாலும் அப்பாதான் ஓட வேண்டும். நாங்கள் பரீட்சைக்குப் படித்தாலும், உறவினர் வந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. சிறு வயதில் எனக்கு இது கோபமாக இருந்தது. பிறகு, நானும் வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகு, அந்த ஒரு மணி நேரத்தின் அருமை புரிந்தது. நாளெல்லாம் பிறர் உடம்பின் அழைப்புக்குக் காது கொடுத்த ஒருத்தி, தன் கை தானாக ஒன்றைச் செய்து முடிப்பதைப் பார்க்கும் நேரம் அது. வார்டில் ஒரு வேலையும் முடிவதில்லை. ஒருவர் தேறிப் போனால் அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் வருவார். கூடை முடியும்.

சானடோரியங்களின் வரலாற்றில் கூடை பின்னுவதற்கு ஓர் இடம் உண்டு. நோயாளிகளுக்குக் கைவேலை கொடுப்பது சிகிச்சையின் பகுதி என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு துறையே உருவானது. சூசன் ட்ரேசி என்ற செவிலி 1910இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். காசநோயால் வருந்திய கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டன் 1917இல் அதற்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நெசவும் கூடை பின்னலும் மரவேலையும் மருந்துச்சீட்டைப் போலவே நோயாளிக்கு எழுதித் தரப்பட்டன. கை எதையாவது உருவாக்கிக்கொண்டிருந்தால் மனம் தேறும் என்று அந்த முன்னோடிகள் கண்டார்கள். நோயாளிக்குத் தெரிந்த இந்த நன்மை அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அம்மா தனக்குத் தானே எழுதிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட கைவேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். அதே தாம்பரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், பெண்களின் ஒரு கைவேலையை ஒதுக்காமல் உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் குனிந்து புள்ளி வைக்கும் பெண்ணின் விரலில் விதிகளும் ஒழுங்கும் தருக்கமும் இருக்கின்றன என்பதை உலகக் கணினி அறிஞர்கள் அந்த ஆய்விலிருந்து அறிந்தார்கள். அம்மாவின் கூடையை யாரும் ஆராயவில்லை. ஆனால் எத்தனை முழம் எடுத்தால் எத்தனை முடிச்சு வரும், எந்த இழையில் நிறம் மாற்றினால் சுவரில் எந்த உயரத்தில் பூ விழும் என்று அவள் வாய்க்குள் போட்ட கணக்கை நான் கேட்டிருக்கிறேன். சார்ட்டில் காய்ச்சல் ஏறி இறங்கும் கோட்டைப் படித்த அதே கண்தான் அந்தக் கணக்கையும் போட்டது. வார்டில் இருந்த பார்வை வேறு, கூடையில் இருந்த பார்வை வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒன்றை மற்றொன்று வளர்த்தது. கூடைக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரம் இல்லாதிருந்தால், பல்ஸ் பார்க்கும்போது கொடுத்த அந்த அரை நிமிடமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு, 2015 டிசம்பர் மழையில் அவளை முழுதாகப் பார்த்தேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. சிட்லபாக்கத்திலும் தெருக்களில் தண்ணீர் ஏறியது. தெருவே எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தது. மின்சாரம் இல்லை. கைபேசித் தொடர்பு இல்லை. பெரியவர்கள் நனைந்த மாத்திரை அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எது சர்க்கரைக்கு, எது பிரஷருக்கு என்று தெரியாமல் தவித்தார்கள். அம்மா பரண்மேல் அடுக்கியிருந்த கூடைகளை இறக்கினாள். வீட்டுக்கு ஒரு கூடை. மாத்திரையைப் பிரித்து, தாளில் வேளை எழுதி, அந்தந்தக் கூடையில் போட்டாள். இன்சுலின் மருந்தை மண்பானைத் தண்ணீர்மேல் குளிர்ச்சியாக வைத்தாள். பிறகு எல்லோரையும் ஒருமுறை சுற்றி வந்து நெற்றியையும் கணுக்காலையும் பார்த்தாள். காலில் வீக்கம் கண்ட ஒரு தாத்தாவைப் படகில் முதலில் அனுப்பச் சொன்னாள். அன்று மாலையும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் பின்னினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவளைத் தியாகம் செய்தவள் என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தியாகம் செய்தவருக்குச் சம்பளம் போதுமா என்று நாம் கேட்பதில்லை. இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதை யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்பதில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் கைதட்டினோம். அந்த வார்டுகளில் ஒப்பந்தத்தில் நின்ற செவிலியர்கள் நிரந்தர வேலை கேட்டுத் தெருவுக்கு வந்தபோது கைதட்டிய எத்தனை பேர் கூட நின்றோம்? தாய்க்கும் இதையேதான் செய்கிறோம். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவள் என்று சொல்லிச் சொல்லி, வைத்துக்கொள்ள நினைக்கும் மகளுக்குக் குற்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறோம். என் அம்மா அந்தக் குற்ற உணர்வை எனக்குத் தரவில்லை. அந்த விடுதலைதான் அவள் எனக்கு விட்டுப்போன சொத்து.

2028 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்துக்கு நூறு வயது ஆகும். விழா நடக்கும், மலர் வெளியாகும். அந்த மலரில் செவிலியரின் பெயர்கள் பட்டியலாக வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த வார்டில் என்று. அதோடு நிற்க வேண்டாம். சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளையவர்கள் யாராவது ஒரு நோட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் காலத்தில் எதைப் பார்த்து ஆபத்தை முதலில் அறிந்தீர்கள் என்று கேட்க வேண்டும். எச்.ஐ.வி. வார்டில் முதல் மாதம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். டூட்டி முடிந்த பிறகு உங்களுக்கென்று என்ன செய்தீர்கள் என்றும் கட்டாயம் கேட்க வேண்டும். செடி வளர்த்தீர்களா, தைத்தீர்களா, பாடினீர்களா, ரயிலில் நாவல் படித்தீர்களா? அந்தப் பதிலையும் மருத்துவக் குறிப்புக்குப் பக்கத்திலேயே, அதே கவனத்தோடு எழுத வேண்டும். அந்த மனிதரைத் தாங்கிய இன்னொரு பாதி அதில்தான் இருக்கும்.